தேநீர் இடைவேளையில் இடம் மாறிய சிலிண்டர்கள்

பிப்ரவரி பதினேழாம் நாள், வியாழக்கிழமை. விடியற்காலையில் எதிரே நிற்பவர் முகம் தெரியாத மூடுபனி. எட்டு மணிக்குள் அது விலகிவிட்டது. பத்து மணிக்கு இரும்பின் மேல் கை வைக்க முடியாத வெயில். படைமுகாமின் பின்புற மைதானத்தில் அன்று பதினான்கு டாங்கிகள், வரிசைக்கு ஏழாக, இரண்டு வரிசைகளில் நின்றன. தலைமையகத்திலிருந்து ஆய்வுக்கு வரும் பெரிய அதிகாரியின் கண் குளிர வேண்டும் என்பதற்காக அவற்றின் சக்கரச் சங்கிலிகளுக்குக்கூடக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். மண்ணில் பத்தடி உருண்டால் உதிர்ந்துவிடும் வண்ணம் அது.

என் தங்கையின் மகன் அந்தப் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து அன்றோடு ஐந்து மாதம் நிறைந்திருந்தது. வயது இருபத்து மூன்று. இரண்டாம் வரிசையின் கடைசி மூன்று டாங்கிகளும் அவற்றில் ஏறும் ஆட்களும் அவன் பொறுப்பு.

ஒரு டாங்கிக்குத் தீயணைக்கும் சிலிண்டர்கள் மூன்று இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு, உள்ளே இருக்கைகளுக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருக்கும். மூன்றாவது, கையில் எடுத்து அடிப்பதற்கு. டீசலையும் வெடிகுண்டுகளையும் நான்கு மனிதர்களையும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் அடைத்து அனுப்புகிறவர்கள் செய்த ஒரே நல்ல ஏற்பாடு அது. பதினான்கு டாங்கிகளுக்கு நாற்பத்திரண்டு சிலிண்டர்கள் வேண்டும். அங்கே இருந்தவை இருபத்து நான்கு. மற்றவை மருந்து நிரப்புவதற்காகப் பணிமனைக்குப் போய், எந்த ஆண்டு போயின என்பதே மறந்துபோகும் அளவுக்குக் காலமாகியும் திரும்பாதவை. ஆனால் பதிவேட்டில் நாற்பத்திரண்டும் குறைவின்றி இருந்தன.

இருபத்து நான்கை நாற்பத்திரண்டாகக் காட்டும் வித்தையை என் மருமகனுக்கு அன்று காலை கற்பித்தவர், ஸ்டோர்காரர் என்று எல்லாரும் அழைக்கும் பழைய சார்ஜண்ட்.

"சார், பெரியவர் முதல் வரிசையைப் பாப்பாரு. அப்புறம் டீ. அப்புறம் ரெண்டாவது வரிசை. அவர் டீ குடிக்கிற இருபது நிமிஷத்துல, முதல் வரிசைச் சிலிண்டரையெல்லாம் கழட்டி, உங்க வரிசையில மாட்டிடணும். அவ்வளவுதான்."

"இது என்ன கூத்து?"

"கூத்து இல்ல சார், வழக்கம். நீங்க தவழ்ந்துக்கிட்டு இருந்தப்பவே இங்க நடக்குது."

"வர்றவருக்குத் தெரியாதா?"

"தெரியாமலா, ஒரு கப் டீயை இருபது நிமிஷம் குடிக்கிறாரு? அந்தக் காலத்துல அவரும் தூக்கிட்டு ஓடுனவருதானே!"

தார்ப்பாய் மறைவில் வீரர்கள் சிலிண்டர்களைத் தோளில் சுமந்து ஓடினார்கள். பெரிய அதிகாரி பந்தல் நிழலில் முதுகைக் காட்டி அமர்ந்து, ஆறிப்போன தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். பின்னர் எழுந்து வந்து, தம் முன்னால் நின்றவர்கள் எல்லாருக்கும் மூச்சு வாங்குவதைக் கவனிக்காமல் இரண்டாம் வரிசையைப் பார்வையிட்டு, "பிரமாதம்" என்றார்.

பிறகு பதிவேடு வந்தது. 'சிலிண்டர்கள் முழுமையாக உள்ளன' என்ற வரிக்கு எதிரே பொறுப்பு அதிகாரிகள் ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். என் மருமகன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். படைப்பிரிவின் தலைவரான கர்னல் அதைப் பார்த்தார்.

"என்னப்பா, உனக்கு முன்னாடி நாலு பேரு போட்டாச்சு. உன் பேனாவுக்கு மட்டும் என்ன சீக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் கையெழுத்திட்டான்.

அந்த வாரமே எனக்குக் கடிதம் எழுதினான்: 'மாமா, ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எல்லாரும் போட்டார்கள் என்பது எனக்குச் சமாதானமாக இல்லை.' நான் பதில் எழுதினேன். ஊரோடு ஒத்துப்போ என்று அதில் எழுதியிருந்தேன். அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் வாயில் கசப்பு ஊறுகிறது.

அவனைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அவன் தந்தை அவனுடைய ஒன்பதாம் வயதில் காய்ச்சலில் இறந்தார். என் தங்கை பள்ளிச் சீருடைகள் தைத்து அவனை வளர்த்தாள். பதினாறு வயதில் ஆறடியைத் தாண்டிவிட்டான். கடையில் விற்கும் கால்சட்டை எதுவும் அவன் கணுக்காலைத் தொடாது. "துணிக்கடைக்காரன் உன்னைப் பார்த்தாலே கதவைச் சாத்துறான்டா" என்று சொல்லிச் சொல்லியே அவள் தைத்துக் கொடுப்பாள். பேச்சில் அளவு, கோபம் வந்தால் அதிலும் பாதி. பொறியியல் முடித்தவுடன் படையில் சேர்ந்தான். "ஒரே இடத்துல உக்காந்து மூடி போட்ட டப்பாக்குள்ள வேலை பாக்க எனக்கு வராதும்மா" என்று காரணம் சொன்னான். கொண்டுபோய் டாங்கிக்குள் போட்டார்கள். குள்ளமானவர்களுக்கென்று செய்த இரும்புப் பெட்டிக்குள் ஆறடி இரண்டங்குலத்தை மடக்கி உட்காரவைக்கலாமா என்று கேட்பதற்கு அங்கே ஓர் ஆளும் இல்லை. முதல் மாதம் முழுவதும் அவன் நெற்றியில் புடைப்பு இல்லாத நாளே கிடையாது. அவனுடைய ஆட்கள் முதுகுக்குப் பின்னால் அவனை 'ஒட்டகம்' என்று அழைத்தார்கள். அது அவன் காதுக்கும் வந்தது. அடுத்த நாள் டாங்கியில் ஏறும்போது, "நகருங்கப்பா, ஒட்டகம் உள்ள வருது" என்றானாம். இதை எனக்குச் சொன்னவர் அந்த டாங்கியின் ஓட்டுநர். இனி நான் சொல்லப்போகும் பெரும்பாலானவற்றையும் அவரே சொன்னார்.

மே மாதம் மூன்றாம் நாள் போர் மூண்டது. புறப்பட இரண்டு நாள் அவகாசம். அப்போதுதான் இருபத்து நான்கு சிலிண்டர்களைப் பங்கிட வேண்டிய வேளை வந்தது. போர்க்களத்தில் தேநீர் இடைவேளை கிடையாது அல்லவா? மூத்த அதிகாரிகள் தங்கள் டாங்கிகளுக்கு முதலில் எடுத்துக்கொண்டார்கள். என் மருமகனின் மூன்று டாங்கிகளுக்குச் சேர்த்து வந்தவை மூன்றே மூன்று.

"ஸ்டோர்ல இதுக்கு மேல ஒண்ணும் இல்லையா?" என்று ஸ்டோர்காரரிடம் கேட்டான்.

"என் தோலை உரிச்சாலும் இல்ல சார். ஆனா..." அவர் குரலைத் தாழ்த்தினார். "அதிகாரிகள் விடுதிச் சமையலறையில மூணு தொங்குது. டாங்கிச் சிலிண்டர்தான். போன வருஷம் கர்னல் மாட்டச் சொன்னாரு. எண்ணெய்ச் சட்டி தீப்பிடிச்சிருச்சாம்."

என் மருமகன் நேரே சமையலறைக்குப் போனான். சமையல்காரர் அடுப்புக்கும் அவனுக்கும் நடுவே வந்து நின்றார்.

"சார், எழுத்துல ஆர்டர் இருக்கா?"

"நாளைக்குப் போருக்குப் போறேன்."

"போயிட்டு வாங்க சார். சிலிண்டரை எடுத்தா என்னைத் தொலைச்சிருவாங்க."

"உங்க சட்டியில அப்பளம் கருகினா என்ன ஆகும்?"

"கர்னல் திட்டுவாரு."

"என் சட்டியில நாலு ஆளு இருக்காங்க அண்ணே."

சமையல்காரர் திரும்பி நின்று வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். "நான் எதையும் பாக்கல" என்றார். அந்தப் படைமுகாமில் வெட்கப்படத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

மூன்று சிலிண்டர்களையும் அவனே தூக்கிவந்தான். ஸ்டோர் கொடுத்த மூன்று ஒரு டாங்கிக்கு. சமையலறையின் மூன்று இரண்டாவது டாங்கிக்கு. மூன்றாவது அவனுடைய சொந்த டாங்கி. ஓட்டுநர் கேட்டார்.

"அப்போ நம்ம வண்டிக்கு சார்?"

"கேட்டு எழுதியிருக்கேன். வரும்."

"வருமா?"

"வரணும்."

ஓட்டுநருக்கு வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். இன்றைக்கும் அவர் இதைச் சொல்லும்போது குரலில் மரியாதையும் கோபமும் கலந்தே வருகின்றன. "நல்லவர்தாங்க. நான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லல. தன் வண்டியைக் கடைசியில வெச்சாரு. ஆனா அந்த வண்டியில அவர் மட்டுமா இருந்தாரு? எங்களையும்ல சேர்த்துக் கடைசியில வெச்சாரு?"

போர்முனையிலிருந்து அவன் சிலிண்டர் கேட்டுத் தலைமையகத்துக்கு மூன்று முறை எழுதினான். முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கும் வரவில்லை. மூன்றாவதற்கு அச்சிட்ட தாளில் பதில் வந்தது: 'பதிவேட்டின்படி தங்கள் பிரிவில் சிலிண்டர் பற்றாக்குறை ஏதும் இல்லை. தங்கள் கையெழுத்துடன் கூடிய பிப்ரவரி மாதச் சான்றின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.' நகலில் அவன் கையெழுத்து அழகாக விழுந்திருந்தது. அவன் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டதை ஓட்டுநர் பார்த்திருக்கிறார்.

ஏடு சொன்னதையே நம்பி, ஏட்டைப் பொய்யாக எழுதவைத்தவர்களே பதிலும் எழுதினார்கள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். இப்படி ஒரு தவறு வேறு எந்தத் தொழிலில் நடக்கும்? மளிகைக்கடைக்காரர் இல்லாத பருப்பை இருப்பதாக எழுதினால், மறுநாள் அதைத் தம் பானையில் தேட மாட்டார்.

இருபத்தெட்டு நாள் அவர்கள் அந்த இரும்புக்குள் வாழ்ந்தார்கள். போரைப் பற்றிச் செய்தித்தாள்களில் வீரம், தியாகம் என்றெல்லாம் வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் சொன்னது வேறு. வெளியே இறங்கினால் குறிபார்த்துச் சுடுவார்கள் என்பதால் காலிக் குண்டுக்கூட்டிலேயே சிறுநீர் கழித்து, மூடியைத் திறந்து கொட்டினார்கள். பாதி காற்றில் திரும்பி உள்ளேயே தெறிக்கும். செத்த மாடுகள் ஊதிக் கிடந்த வயல் ஓரத்தில் நான்கு நாள் நின்றார்கள். அங்கிருந்து வந்த ஈக்கள் ரொட்டியில் உட்கார்ந்தன, உதட்டிலும் உட்கார்ந்தன. குண்டு நிரப்பும் வீரனுக்கு வயிற்றுப்போக்கு. சுடும் பொறுப்பில் இருந்தவருக்கு அக்குளிலும் தொடையிலும் வெந்துபோன புண். நால்வருடைய வியர்வையும் டீசலும் சேர்ந்து எழுந்த நாற்றம் ஓட்டுநரின் சட்டையிலிருந்து ஐந்து முறை துவைத்தும் போகவில்லை. அவர் மனைவி அதை எரித்துவிட்டாராம். முப்பது கிலோமீட்டர் பின்னால், மின்விசிறி சுழலும் பள்ளிக் கட்டடத்தில் கர்னல் இருந்தார். ஒரு நாள் நிழற்படக்காரர்களுடன் வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு டாங்கியின் மேல் ஏறி நின்றார். படம் எடுக்கும் கணத்தில் மட்டும் கையை மூக்கிலிருந்து எடுத்தார்.

"ஒட்டகம் சார், அவர்கிட்ட சிலிண்டர் கேளுங்க" என்று குண்டு நிரப்பும் வீரன் கிசுகிசுத்தான்.

கேட்டான். கர்னல் அவன் தோளில் தட்டி, "போர்னா அப்படித்தான்பா. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?" என்றார். அவர் தலைக்கு மேல் போனது மின்விசிறி மட்டுமே.

ஜூன் இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, ஒரு வாய்க்கால் கரையைக் கடக்கும்போது, எதிரியின் குண்டு அவர்களுடைய டாங்கியின் பின்பக்க விலாவில் பட்டது. ஓட்டுநர் இதை என்னிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் ஒரே சொற்களில் சொன்னார்.

"முதல்ல பெரிய நெருப்பே இல்லைங்க. வீட்டு அடுப்புல எரியிற அளவுதான். அரை நிமிஷம் அப்படியே இருந்துச்சு. ஒரே ஒரு சிலிண்டர் இருந்திருந்தா 'புஸ்'னு அடிச்சு முடிச்சிருப்போம்."

என் மருமகன் சட்டையைக் கழற்றி அடித்தான். குடிநீர்க் கேனைக் கவிழ்த்தான். டீசல் தீ தண்ணீருக்கு அடங்காது என்று பொறியியல் படித்த அவனுக்குத் தெரியாதா? தெரியும். கையில் வேறொன்றும் இல்லை. குண்டு நிரப்பும் வீரனை மேல்வழியாகத் தள்ளி வெளியேற்றினான். ஓட்டுநர் முன்வழியாக இறங்கிவிட்டார். சுடும் பொறுப்பில் இருந்தவரின் கால் வளைந்த இரும்பில் சிக்கியிருந்தது. வெளியே பாதி வந்துவிட்ட என் மருமகன், அந்த நீளக் கால்களை மறுபடியும் மடக்கிக்கொண்டு உள்ளே இறங்கினான். அவரை விடுவிக்க முடியவில்லை. ஓட்டுநர் மேலே ஏறித் தம் அதிகாரியின் கைகளைப் பற்றி இழுத்தார். அப்போது தோல் அவர் கையோடு வந்துவிட்டது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தேன். விட்டால், நானும் கறுப்பு வண்ணம் பூசுகிறவன் ஆவேன்.

கள மருத்துவமனையில் அவன் இரண்டு நாள் உயிரோடு இருந்தான். ஜூன் நான்காம் நாள் மாலை இறந்தான்.

மூன்று வாரம் கழித்துக் கர்னல் என் தங்கை வீட்டுக்கு வந்தார். தையல் இயந்திரத்தின் மேல் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் செய்துகொடுத்தோம். விசாரணை அறிக்கை என்று ஒரு தாளை அவரே படித்தார்: 'தீப்பற்றியவுடன் அதிகாரி தீயணைப்புக் கருவியை இயக்கினார். கருவி எதிர்பாராத விதமாகச் செயலிழந்தது. இதனை அவரே மருத்துவமனையில் அளித்த வாக்குமூலத்தில் உறுதி செய்துள்ளார்.' இந்த அறிக்கையைக் குடும்பம் ஏற்றுக்கொள்வதாகத் தங்கை கையெழுத்திட்டால், பதக்கம் வரும். படைமுகாம் மண்டபத்துக்கு அவன் பெயர் வைப்பார்கள்.

"அவன் பேசினானா?" என்று தங்கை கேட்டாள்.

"பேசினாருங்க. கடைசி வரைக்கும் நாட்டைப் பத்தித்தான் பேசினாரு. சிரிச்ச முகம்."

"என் பையன் வாயைத் திறக்கவே நல்ல நாள் பாப்பான். சிரிக்கிறதுக்கு அதைவிட நல்ல நாள் வேணும்" என்றாள் தங்கை. "தாளை வெச்சுட்டுப் போங்க."

கர்னல் நான்காவது பிஸ்கட்டை முடித்து, இரங்கல் கடிதம் இருந்த உறையால் மடியில் விழுந்த தூளைத் தட்டிவிட்டு எழுந்தார். அந்தத் தூளை நான் கூட்டிப் பெருக்கினேன். அதற்குப்பின் கையைச் சோப்பிட்டுக் கழுவினேன்.

தங்கை என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, எனக்கு மெடல் வேண்டாம்னு சொல்லல. அவன் சொன்னது இதுதான்னா, இப்பவே கையெழுத்துப் போடுறேன். அவன் வாயில இவங்க எதையாவது திணிச்சிருந்தா, போட மாட்டேன். அவன் என்ன சொன்னான்? கேட்டவங்க யாராவது இருப்பாங்கல்ல?"

இருந்தார். அடுத்த படுக்கையில், இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டுக் கிடந்த ஓட்டுநர். அவர் வீட்டைத் தேடி இரண்டு பேருந்து மாறிப் போய், மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை அழைத்துவந்தேன். அவர் பேசி முடித்தபின், தங்கை அந்தத் தாளைக் கையெழுத்திடாமலே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினாள். பதக்கம் வரவில்லை. மண்டபத்துக்கு இப்போது கர்னலின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஸ்டோர்காரர் சொல்லி அறிந்தேன்: அடுத்த பிப்ரவரியிலும் ஆய்வு நடந்ததாம், தேநீரும் கொடுத்தார்களாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

ஜூன் மூன்றாம் நாள் நண்பகலில் விசாரணை அதிகாரி ஒருவர் மருத்துவமனைக் கூடாரத்துக்குள் வந்தார். கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தார். கையில் இருந்த தாளில் கேள்வியும் பதிலும் முன்னமே அச்சடிக்கப்பட்டிருந்தன. நாள் மட்டும் காலியாக இருந்தது. என் மருமகனின் முகத்துக்கு ஓரடி தள்ளியே குனிந்தார்.

"தம்பி, ரொம்பக் கஷ்டப்படுத்த மாட்டேன். சிலிண்டரை அழுத்தினீங்க, அது வேலை செய்யல. அவ்வளவுதானே?"

அவன் கண் திறந்தே இருந்தது.

"பேச வேண்டாம். தலையை மட்டும் ஆட்டுங்க, போதும்."

தலை அசையவில்லை.

"இங்க பாருங்க. வேலை செய்யலன்னா யார் மேலயும் தப்பில்ல. பழைய சரக்குன்னு எழுதி முடிச்சிடலாம். உங்களுக்கு மெடல். அம்மாவுக்குப் பெருமை. வேற மாதிரி போச்சுன்னா, பிப்ரவரிப் பதிவேட்டைத் தூக்குவாங்க. உங்க பேருதான் நாறும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அம்மாவை நினைச்சுப் பாருங்க."

அவன் உதடு அசைந்தது. செவிலிப் பெண் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் வைத்தார். அதிகாரி பேனாவைத் திறந்து, மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"சிலிண்டர் வேலை செஞ்சுதா, இல்லையா?"

"வண்டியில சிலிண்டரே இல்ல சார். இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நான்."